வலது பக்கம் மட்டும்

— பந்தயப் படகாச்சே மாமா... முழுக்க கார்பன் போடுங்க. கருப்பா, பளபளன்னு இருக்கட்டும்.

— படகு செய்யறது நானா நீயா மாப்ள? முதல்ல அந்தக் கார்பன் துணி மேலேர்ந்து கையை எடு. எண்ணெய்க் கையி!

— எடுத்துட்டேன்... கார்பன்தானே எல்லாத்தையும்விட உறுதி?

— விறைப்புன்னா அதை அடிச்சுக்க ஆளில்ல. வளைஞ்சே குடுக்காது. உங்கக்கா மாதிரி. ஆனா நச்சுன்னு ஒரு அடி விழுந்தா படக்குன்னு விட்டுடும்.

— அதுவும் அக்கா மாதிரியா?

— வாயை மூடு. இங்க பாரு... துணியை நீளவாக்குல ஒரு அடுக்கு, குறுக்க ஒண்ணு, சாய்வா ரெண்டு. அலை எப்படி முறுக்கினாலும் தாங்கும். நடுவுல ஃபோம்.

— அந்த மஞ்சத் துணி?

— கெவ்லார். இடி வாங்குற இடத்துல உள்பக்கமா ஒட்டுவோம். லேசுல கிழியாது. உனக்கெதுக்கு? பழைய படகு அலையிலதானே உடைஞ்சுது?

— ஆமா... அலைதான்.

— வெறும் அலை.

— பெரிய அலை மாமா!

— அந்தக் கதையைக் கேட்டுத்தான் ரெண்டு பேர் என்கிட்ட படகே வேணாம்னுட்டாங்க. நான் செய்யறது அட்டைப்பெட்டியாம். சரி, மஞ்சத் துணியை மடிச்சு உள்ள வைக்கறேன்...

— இருங்க, இருங்க! ஒரு துண்டு போடலாமே... முனைக்குக் கீழ.

— எதுக்கு?

— சும்மா... மனத்திருப்திக்கு. வலது பக்கம் மட்டும்.

— ஏன், அலை வலது பக்கமாத்தான் வருமா?

— மாமா, அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்களேன்.

— பாறையா?

— ...சின்னப் பாறைதான்.

— அப்படி வா வழிக்கு! ரெண்டு மாசம் தூக்கமே இல்லடா எனக்கு. துணியை ஒட்டற ரெசினைச் சரியாக் கலக்கலையா, எந்த அடுக்குல காத்து புகுந்துதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடந்தேன்!

— தப்புதான் மாமா. ஆனா...

— இன்னும் என்னடா ஆனா?

— ஓட்டினது நான் இல்ல. அக்கா. "மாமாகிட்ட மூச்சு விட்டே, தொலைஞ்சே"ன்னா.

— அடிப்பாவி! போன வாரம்தான் என் பக்கத்துல வந்து உக்காந்து, "தம்பிதாங்க பாறையில கொண்டுபோய் விட்டான்... வெட்கப்படறான், கேட்டுடாதீங்க"ன்னு கண்ணைக் கசக்கினா மாப்ள. உன் வாயாலயே வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் நோண்டினேன்... அன்னிக்கு அவளுக்கு நான் ஆறுதல் வேற சொன்னேன்டா!