சுத்தத் தண்ணின்னு போட்டாச்சு

அய்யோ, அந்தக் குழாய் வேணாம் சார், அது மாடி டேங்க்லேருந்து வர்றது. கிணத்துத் தண்ணி நேரா வர்ற குழாய் இந்தப் பக்கம் இருக்கு. பாத்து, பாசி வழுக்கும். கொஞ்சம் ஓட விட்டுட்டு அப்பறம் டெஸ்ட் பாட்டில்ல பிடிங்க. எனக்கு எப்பிடித் தெரியுமா? என் பொழப்பே அதான சார். நெலத்தடித் தண்ணில கழிவு கலந்தா எந்தப் பக்கம் போகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறது.

ஆமா, அந்தச் சாய ஃபேக்டரி ரிப்போர்ட் என்னோடதுதான். கிணறுங்களுக்கு ஆபத்தே இல்லன்னு போட்டிருக்கே, அதேதான். வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க சார். நான் பண்ணது வேற, வெளிய போனது வேற.

கேளுங்க. சாஃப்ட்வேர்ல மொதல்ல என்ன திரவம்னு சொல்லணும். சும்மா விட்டா அதுவா சுத்தத் தண்ணின்னு எடுத்துக்கும். ஃபேக்டரிலேருந்து ஒழுகறது உப்புக் கழிவு, தண்ணிய விட கனம். டம்ளர் தண்ணில சர்க்கரைப் பாகை ஊத்தினா அடில போய் உக்காருமில்ல? அப்பிடித்தான் இதுவும். களிமண் வரைக்கும் எறங்கி, அந்தச் சரிவுலயே நகந்து நம்ம தெருவுக்கு வருது. அடர்த்தி எவ்வளவு, எவ்வளவு கெட்டியா ஓடுதுன்னு லேப்ல அளந்து போட்டேன். கம்ப்யூட்டர் படத்துல நம்ம தெருக் கிணறு எல்லாம் செவப்பாச்சு, ஆபத்துன்னு. வெளிய போன ரிப்போர்ட் படத்துல பாத்தா மொத்தமும் மேலாப்புல ஓடைப் பக்கம் போகுது!

ஃபைலைத் திறந்தேன். சுத்தத் தண்ணின்னு இருக்கு. தானா மாறியிருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. தானா மாறினா எல்லாமே போயிருக்கணுமா இல்லையா? அந்த ரெண்டு அளவு மட்டும்தான் மாறியிருக்கு. எங்க கை வைக்கணும்னு தெரிஞ்ச ஆளு சார்.

மேனேஜர்தான்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் மனசாட்சி இருக்கான்னு கத்திட்டேன். பாவம் மனுஷன், கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பினார். மாத்தினது என் லாகின்ல. எங்க வீட்டு இன்டர்நெட்லேருந்து.

அப்பிடிப் பாக்காதீங்க, நான் இல்ல. என் பாஸ்வேர்டு தெரிஞ்ச இன்னொருத்தர் இருக்கார். சாப்பிட உக்காந்தா போதும், இன்னிக்கு என்ன பண்ணன்னு அவ்ளோ ஆசையா கேப்பார். எந்த வீட்டுக்காரர் இப்பிடிக் கேக்கறார்னு நானும் லேப்டாப்பத் திறந்து ஒவ்வொண்ணா காட்டினேன், மடச்சி. அவர் வேலை பாக்கறதே அந்த ஃபேக்டரிலதான். அது கூட என் மண்டைல ஒறைக்கல பாருங்க.

பயத்துல பண்ணிட்டார், வேலை போயிடும்னு பண்ணிட்டார்னு மனசத் தேத்திக்கலாம்னு பாத்தேன். முடியல சார். ரிப்போர்ட் போன மறுநாள்லேருந்து வீட்டுக்குக் கேன் தண்ணி வாங்கிட்டு வர்றார். ஒனக்கு ஒடம்புக்கு நல்லதும்மான்னார். என்ன அக்கறைன்னு நான் பூரிச்சுப் போயிட்டேன்.

மூடிட்டீங்களா? சரி, அடுத்து தெருமுனை வீட்டுக்குப் போங்க. அங்க எங்கம்மா தனியா இருக்காங்க. நேத்து நான் போய் நிறுத்தற வரைக்கும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சிட்டிருந்தாங்க. அவங்க வாசல் வழியாத்தான் சார் அவர் கேனைத் தூக்கிட்டு வருவார். மாப்ள, நல்லாருக்கீங்களான்னு அவங்க கேப்பாங்க. நல்லாருக்கேன் அத்தைன்னு சொல்லிட்டு வந்துருவார்.