கைக்கு லேசான செயின்

மரம் அறுக்கிற செயினைத் தீட்டுவதற்குக் காலை வெளிச்சம்தான் நல்லது, மேடம். விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பல்லும் மினுங்கும், ஏமாந்துவிடுவோம். காலையில் ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால் மழுங்கிய பல்லின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். கூரான பல்லில் எதுவுமே தெரியாது.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நானும் என் மனைவியின் தம்பியும் மரம் வெட்டும் வேலை செய்துவந்தோம். கூரைமேல் சாய்ந்த மரம், கம்பியில் உரசும் கிளை, காற்றில் விழுந்து வழி மறிக்கும் அடிமரம், எதுவானாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். அவன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். ஊரே அவனை நெட்டையன் என்றுதான் அழைத்தது. எனக்கு அவன் மாப்ளே, அவனுக்கு நான் மாமா. ஆளுக்கொரு மிஷின். வெட்டுவது இருவரும்தான் என்றாலும் செயின் சுற்றி ஓடுகிற பார் என்ற தகடு, செயின், அரம் எல்லாம் என் பொறுப்பு. எந்த மரத்துக்கு எவ்வளவு நீள பார், பச்சைக் கட்டைக்கு எப்படித் தீட்டுவது, காய்ந்த கட்டைக்கு எப்படி என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்வேன். பாரை அடிக்கடி புரட்டிப் போடுவேன். இல்லாவிட்டால் ஒரு பக்கமே தேய்ந்து வெட்டு கோணிக்கொண்டு போகும். அதன் பள்ளத்தில் அடையும் தூளைச் சுரண்டி எடுப்பேன். செயினை விரலால் தூக்கி விட்டால் டக்கென்று தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். தளர்ந்து தொங்கவும் கூடாது, இறுகிக் கிடக்கவும் கூடாது.

முதலில் வீட்டில் பேச்சு நிற்கத் தொடங்கியது. நான் சமையலறைக்குள் நுழைவேன். அக்காளும் தம்பியும் அதுவரை குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள், என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். என்னவென்று கேட்டால் என் மனைவி, "சும்மாதாங்க" என்பாள். அதற்கு முன்னால் அவள் அப்படிச் சொன்னபோது மாமியார் ஒரு மாதம் தங்க வந்திருந்தார். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது விடைத்துக்கொள்ளும்.

பிறகு அவன் என் கைகளைப் பார்க்க ஆரம்பித்தான். நேராகப் பார்க்க மாட்டான். சாப்பிடும்போதும் அரம் பிடிக்கும்போதும் ஓரக்கண்ணால் பார்ப்பான். குளிர்ந்த காலைகளில் என் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். அதிர்கிற மிஷினைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். ஒருநாள் டீ டம்ளர் கைநழுவி விழுந்தது. ஈர டம்ளர் நழுவத்தானே செய்யும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டம்ளரை யாரும் பார்க்கவில்லை.

பிறகு சாவி. என் மனைவியின் கைப்பையில் எங்கள் வீட்டுக்குச் சேராத ஒரு சாவி இருந்தது. தலைவலி மாத்திரை எடுக்கப்போனபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. சரி, தேடினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் பார்த்தால் அது நெட்டையனின் சட்டைப்பையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் என் மிஷினைத் திறந்தேன். என் நீள பார் இல்லை. அதன் இடத்தில் மூக்கு, அதாவது நுனி, குறுகிய சின்ன பார். செயினும் புதிது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒட்டகத் திமில்போல் மேடு வைத்த செயின். எனக்கு அதைத் தெரியும். பாரின் மூக்கு தெரியாமல் ஒரு கட்டையில் இடித்தால் மிஷின் அப்படியே நம் முகத்தை நோக்கி எகிறும். அந்த மேடுகள் அதைத் தடுக்கும். வேலை பழகுகிறவர்களுக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.

"என்னடா இது?" என்றேன்.

"பழைய பார் தேஞ்சிருந்துச்சு மாமா. இது லேசா இருக்கும், கைக்கு நல்லது."

பழைய பார் தேயவில்லை. அதைப் புரட்டிப் போட்டுக் காப்பாற்றி வந்தவன் நான். ஒரு வாரம் கழித்து அவனுடைய சாமான் பெட்டியின் அடியில், சாக்கில் சுற்றி வைத்திருந்ததைக் கண்டேன்.

இந்த இடத்தில் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மேடம். அந்தச் செயின் மெதுவாகத்தான் வெட்டும். நான் ஒரு கிளையை முடிப்பதற்குள் அவன் அடுத்த மரத்துக்குப் போயிருப்பான். வேலை கொடுப்பவர்கள் பார்ப்பார்கள், கிழவன் ஆகிவிட்டான் என்பார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒருவன் உங்களைக் கேட்காமலே உங்களுக்குப் பாதுகாப்பு செய்கிறான் என்றால், உங்களுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால், "மாமாவுக்கு நல்ல செயின்தானே போட்டுக் கொடுத்தேன்" என்று அவன் சொல்லலாம். உங்கள் எதிரே இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாம். அவனை யார் சந்தேகப்படுவார்கள்?

நான் முந்திக்கொண்டேன். அவ்வளவுதான்.

என் மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு பகல் பொழுதில் அவன் மிஷினை ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தேன். வேறொரு நீள பாரை அவனுடையதில் மாட்டினேன். மறுநாள் அடிமரம் பெரியது என்று அவனிடம் காரணம் சொன்னேன், அது உண்மையும்கூட. அந்த பாருக்கு மேடு இல்லாத செயினாக ஒன்று எடுத்தேன். செயினில் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு முட்டு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். அது அளவுக்கு மேல் தாழ்ந்தால் செயின் கட்டையை அறுக்காது, கவ்வும். மூக்கு எதிலாவது இடித்தால் மிஷினை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அந்த முட்டுகளை ஒவ்வொன்றாக அரத்தால் தாழ்த்தினேன். எல்லாம் ஒரே அளவு. வேலையில் கோணலை நான் விடுவதில்லை. செயினைப் பார்த்த உங்கள் மெக்கானிக் தேர்ந்த கை என்று சொன்னாராம். வாசலில் நிற்கிற காவலர் சொன்னார்.

பிரேக்கை நான் தொடவில்லை என்று முதல்நாள் சொல்லியிருந்தேன். தொட்டேன். மிஷின் எகிறினால் செயினை நிறுத்துவது அதுதான். அதன் பட்டையில் எண்ணெய் விட்டேன். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் பின்பக்கம், மதில்மேல் விழுந்து கிடந்த மரம். இலைக்குள் மறைந்திருந்த கிளையில் மூக்கு இடித்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே பட்டது. அந்த வீட்டு அம்மா ஜன்னலில் நின்று அலறினார். என் மிஷினை அணைத்துக் கீழே வைத்துவிட்டு நான்தான் ஓடினேன். அவனை மடியில் கிடத்தி, துண்டைச் சுருட்டி அழுத்திப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. அது வந்தபோது அவனிடம் மூச்சில்லை. என் கை நடுங்கவும் இல்லை. அந்த அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்.

நேற்று என் மனைவி வந்திருந்தாள். உங்கள் முன்னால்தான் பேசினாள்.

"அந்தச் சாவி கடைச் சாவிங்க. மெயின் ரோட்டுல சின்னதா ஒரு கடை பிடிச்சிருந்தான். நீங்க உட்கார்ந்து செயின் தீட்டுறதுக்கு. மரம் ஏறி மாமா கை போகுதுக்கா, ஒருநாள் மிஷின் அவர் மூஞ்சிக்கே வந்துடும்னு என்கிட்ட அழுதான். சொன்னா கத்துவீங்கன்னு பயந்துதான் செயினை மட்டும் முதல்ல மாத்துனான்."

அழாமல் சொன்னாள். எங்கும் தடுமாறவில்லை. மனப்பாடம் செய்ததுபோல் கோர்வையாக வந்தது. நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பதில் இருந்தால் சொல்லியிருப்பாள்தானே. கடை இருக்கலாம். கடை இருப்பதாலேயே மற்றதெல்லாம் உண்மை என்று ஆகிவிடுமா?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்காது. அந்த வீட்டு அம்மா ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் அங்கே நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

அன்று காலை அவன் முதல் வெட்டு வைத்தான். உடனே மிஷினை அணைத்தான். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். செயினைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, இது ரொம்பக் கடிக்குதே. கையை இழுக்குது. ஒருதடவ பாக்குறீங்களா?"

அப்போது நான் அந்தச் செயினைக் கழற்றியிருக்கலாம். மாற்றுச் செயின் என் பெட்டியிலேயே இருந்தது. நான் அவன் பக்கத்தில் போய், பாரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். செயினைத் தூக்கி விட்டேன். டக்கென்று உட்கார்ந்தது.

"புதுசா தீட்டினது, மாப்ளே. அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"நீங்க பாத்தாச் சரிதான்" என்று சிரித்தான். கண்ணாடியை இறக்கிக்கொண்டு கயிற்றை இழுத்து மிஷினைக் கிளப்பினான்.

என்னிடம் மறைக்க எதுவும் இல்லாதவன் இன்னொரு வார்த்தை கேட்டிருப்பான், மேடம். அவன் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக நம்புகிறவன்மேல் யாருக்குத்தான் சந்தேகம் வராது?