பத்தடி உயரத்தில் சுலோச்சனா

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர், சிந்தாதிரிப்பேட்டை வணிகர்களின் சிங்கம், அண்ணன் ஷாஹுல் ஹமீது பாய் அவர்களே! அறுபதிலும் அடங்காத மணிவிழா மாப்பிள்ளை, மோட்டார் காயில் கட்டும் என் நண்பர் துரைராஜ் அவர்களே! மாலை சூடி மலர்ந்திருக்கும் தங்கை சுலோச்சனா அவர்களே! பண்பில் பழுத்த பெரியோர்களே! அடுப்படிக்கு விடுமுறை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே காவல் நிற்கும் செயல்வீரர்களே! அனைவருக்கும் இந்த மதிவாணனின் அன்பு வணக்கம்!

மேடைக்கு முன்னால் நாற்காலிகளைத் தூக்கிவிட்டு இடத்தைக் காலியாகப் போட்டிருக்கிறார்களே, ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். என் பின்னால் பாருங்கள்! பத்தடி உயரப் பேனர்! ஒரு பக்கம் துரைராஜ், கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிறார். மறுபக்கம் சுலோச்சனா, இரண்டு கையாலும் செல்போனைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். முந்தானை வேறு வலது தோளில் கிடக்கிறது! மணிவிழாப் பேனரில் யாராவது நாக்கைக் கடிப்பார்களா? கடிப்பார்கள்! அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். அங்கே யாரப்பா? பிரியாணி ஆறுகிறதா? ஆறட்டும்! ஆறாத அன்பைப் பற்றிப் பேசும்போது ஆறிப்போன பிரியாணி ஒரு பொருட்டா?

பேனருக்காக மகள் மணிமொழி அம்மாவின் படத்தைத் தேடினாள். போனைத் திறந்தால் அப்பா! கிண்டிப் பூங்காவில் மானோடு அப்பா, மயிலாப்பூர்த் தேரடியில் பொரி தின்னும் அப்பா, தி. நகரில் பை சுமக்கும் அப்பா! எங்கும் அப்பா, எதிலும் அப்பா! அம்மா எங்கே? அத்தனை படத்தையும் எடுத்தவரே அம்மாதானே!

ஆதார் அட்டைப் படம் இருக்கிறதே என்றாள் மகள். "அத்த மாட்டுனா நான் மேடைக்கே வர மாட்டேன்" என்று முழங்கினார் தங்கை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்யாணப் படம் சிக்கியது. பெரியம்மா சித்திக்கு அனுப்பி, சித்தி அத்தைக்கு அனுப்பி, அத்தை திரும்ப நமக்கே அனுப்பிய படம்! போகப் போக இளைத்துப்போய், மூலையில் கடுகளவு முகம். அதைப் பத்தடிக்கு இழுத்தால்? இல்லாத புள்ளி எங்கிருந்து வரும்? கட்டம் கட்டமாகக் குளியலறை டைல்ஸ்தான் வந்தது! மூக்கு எந்த டைல்ஸ், முழி எந்த டைல்ஸ் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அடுத்து வந்தது படத்தைத் தெளிவாக்கும் ஆப். இல்லாததை எல்லாம் தானே கற்பனை செய்து நிரப்புமாம். நிரப்பியது! கூரான மூக்கு, பளபளக்கும் பல்வரிசை, கன்னத்தில் குழி! "யாருய்யா இவ?" என்றார் சுலோச்சனா. நம் துரைராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? இருந்தாரா?

"நல்லாத்தான கீது!" என்றார்.

தீர்ந்தது! வீட்டில் பேச்சு நின்றது. தட்டில் சோறு விழுந்தது, சொல் விழவில்லை. "அவளையே கூட்டினு போய் மாலைய மாத்திக்கச் சொல்லு" என்று மகள் வழியாகச் செய்தி வந்தது. மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மணப்பெண் மட்டும் மாட்டேன் என்கிறார்!

நான் கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் மஹ்விஷ் நடத்தும் பேனர் கடைக்கு அழைத்துப் போனேன். "சுத்தி வந்த படம்லாம் வேணாம் அங்கிள். எடுத்த ஃபோன்லயே கீற ஒரிஜினல் குடுங்க" என்றார் மஹ்விஷ்.

துரைராஜ் தன் போனை நீட்டினார். முகப்பில் அவர் படமே! ரங்கநாதன் தெருவில் வாங்கிய கூலிங் கிளாஸோடு, எலியட்ஸ் கடற்கரையில், அவர் போனில் சுலோச்சனா எடுத்த படம். தன் மூஞ்சியைத் தானே ரசிக்கிற ஆள் என்று நாம் எத்தனை கேலி செய்திருப்போம்!

மனிதர் இரண்டு விரலால் படத்தை விரித்தார். முகம் பெரிதானது. கண்ணாடி பெரிதானது. கண்ணாடிக்குள் யார்? சுலோச்சனா! படம் எடுக்கும் சுலோச்சனா! இந்தக் கண்ணிலும் சுலோச்சனா, அந்தக் கண்ணிலும் சுலோச்சனா!

"தெனம் இத்ததான் பாத்துக்கினு கீறேன்" என்றார் துரைராஜ்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாவாம்?" என்றார் சுலோச்சனா. அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான், மறைப்பானேன்!

கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறதே, மாற்றிவிடவா என்று கேட்டார் மஹ்விஷ். "வேணாம்மா. அவரு பாத்த மாறியே இருக்கட்டும்" என்றார் தங்கை. கிட்டப் போனால் கொஞ்சம் மங்கும், பேனரைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்றும் மஹ்விஷ் சொல்லிவிட்டார். நாற்காலிகள் பின்னால் போனது அதனால்தான்!

என் அன்புக்குரியவர்களே! ஒன்றைப் பெரிதாக்க ஆசையா? ஊர் சுற்றி வந்த நகலை இழுக்காதீர்கள்! இல்லாத அழகை ஒட்டாதீர்கள்! எடுத்த இடத்துக்குப் போங்கள், முதல் படத்தைத் திறங்கள், விரல் வைத்து விரித்துப் பாருங்கள்! உங்கள் வீட்டில் படம் எடுத்தவர் அங்கேதான் எங்கோ நிற்பார்!

இதோ, தங்கை வழக்கம்போலப் போனைத் தூக்கிவிட்டார்! அம்மா, அதை இப்படிக் கொடுங்கள். இன்று நீங்கள் நடுவில் நில்லுங்கள், நான் எடுக்கிறேன். யோவ் துரைராஜ், முதலில் அந்தக் கூலிங் கிளாஸைக் கழற்றும்! இல்லாவிட்டால் உம் இரண்டு கண்ணிலும் நான் விழுவேன், எழுபதாம் ஆண்டு விழாவில் என்னைப் பத்தடிக்கு இழுத்துவிடுவார்கள்!

பசியோடும் பொறுமை காத்த உங்களுக்கு என் நன்றி. மணமக்கள் வாழ்க! வணக்கம்!