உப்பு போகாத வண்டி

மீன் ஏற்றும் வண்டியை, தட்டில் வடிந்த உப்புத் தண்ணீர் காய்வதற்கு முன்பே கழுவிவிட வேண்டும் சார். காய்ந்துவிட்டால் உப்பு இரும்புக்குள் இறங்கிவிடும். அப்புறம் நெய்யாற்றுத் தண்ணீர் முழுவதையும் கொண்டு வந்து ஊற்றினாலும் போகாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொழியூரில் ஈசாக் முதலாளிக்குப் பிக்கப் ஓட்டிய காலத்தில் நானே தெரிந்துகொண்டது.

அந்த வண்டி முதலாளி கைக்கு வரும்போதே பழையது. ஆனால் பெரிய எஞ்சின், அகலத் தட்டு, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முனகாது. விடியும் முன் மீன் பெட்டிகளை ஐஸோடு ஏற்றி மார்த்தாண்டம் சந்தையில் இறக்குவேன். திரும்பும் வழியில் பாறசாலையில் நிறுத்திக் கழுவுவேன். மேலே மட்டுமல்ல. அடியில் மல்லாந்து படுத்து, சேஸிஸ் ஓரமாகப் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைத் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு வைப்பேன். நான் குளித்தேனோ இல்லையோ, வண்டி குளித்துவிடும்.

என் மனைவி ஷீனா அதைச் சொல்லியே கேலி செய்வாள். "நீங்க கெட்டினது என்னையா, வண்டியையா?" என்பாள். அவளுக்கு மீன் வாடை ஆகாது. நான் பின்புறம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அந்த வண்டியில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும், "எனக்குக் குமட்டும். நீங்க போங்க, நான் பஸ்ஸில வாறேன்" என்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மீன் வாடை என்றால் அப்படித்தான்.

முதலாளிக்கு வயதாகிவிட்டது. மகளோடு துபாயில் போய் இருக்க முடிவு செய்து வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். எனக்குத் தாருங்கள், வேறொருவர் தரும் விலையை நானும் தருகிறேன் என்று கேட்டேன்.

"மோகனா, நீ நல்ல டிரைவராக்கும். அதில எனக்கு ஒரு சம்சயமும் இல்ல" என்றார். "ஆனா உன்னைக்கொண்டு ஒரு யாவாரம் நடக்காது மக்கா. நீ வண்டியத் தொடச்சுக்கிட்டே இருப்ப. அனூஜு சின்னப் பயலு, அவன் இதை ஒரு நிலைக்குக் கொண்டு வருவான்."

அனூஜ் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. நான் வண்டி ஓட்டத் தொடங்கியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது சார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சாவியை வாங்கிய கையோடு அவன் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். "அண்ணே, பேருதான் என்னுது. வண்டிக்க அப்பன் நீங்களாக்கும். நீங்க கூட நிக்கணும்" என்றான். அவன் மனதில் கள்ளமில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கள்ளன் என்றால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

கூட நின்றேன். நெய்யாற்றின்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போட்டு எஞ்சினை இறக்கி வேலை பார்த்தான். பாரம் தாங்க, பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்தான். புது சீட், புது விளக்கு, கதவுக்கு ரப்பர். மீன் இனி வேண்டாம், கல்யாண வீடுகளுக்குப் பந்தல் சாமானும் பாத்திரமும் ஏற்றலாம் என்பது அவன் திட்டம். தட்டில் பழைய பலகை கிடந்தது. அதன்மேல் புதிதாக இரும்புத் தகடு அடிக்கச் சொன்னான்.

பலகையைக் கழற்றிக் கழுவிவிட்டு அடிக்கலாம் என்று நான் சொன்னேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் சார், நான் சொன்னேன். அவன் சிரித்தான். "இனி மீனு ஏத்தப்போறதில்லையே அண்ணே. பின்ன எதுக்குக் கழுவல்?" என்றான். ஏற்றுவதை நிறுத்திவிட்டால் உப்பும் போய்விடும் என்று நினைத்தான். கடற்கரையில் பிறந்தவனாக இருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டான். நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. முதலாளி அவன்தானே.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பார்த்தார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, சந்தனம் வைத்தார்கள். ஷீனாவும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"ஒரு வாடையும் இல்ல, பாத்தியளா? பாக்கவும் நல்ல சேலு உண்டு" என்று என்னிடம் சொன்னாள்.

"மைனி, இனி எங்க போணும்னாலும் ஒரு வாக்கு சொன்னா மதி, வண்டி வாசல்ல நிக்கும்" என்றான் அனூஜ்.

என்னோடு அவள் ஏறாத வண்டி அது. நான் தினமும் கழுவியும் போகாத வாடையை அவன் ஒரு மாதத்தில் போக்கிவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் அனூஜ்தான். அனூஜைப் பார்த்துப் படிக்க வேண்டும், அனூஜுக்கு வேகம் உண்டு, அனூஜ் கட்டப்போகிறவள் கொடுத்து வைத்தவள். அவர்களுக்குள் தப்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஷீனா அப்படிப்பட்டவள் அல்ல. ஒருவனை மெச்சுவதற்குத் தப்பு செய்ய வேண்டும் என்று இல்லையே.

பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட்டுக்குக் கொண்டு போக வேண்டி வந்தது. டெஸ்ட்டுக்கு முன்பு அடியில் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பழைய வண்டியும் அதில் புதிதாகத் தெரியும். அந்த வேலையை அனூஜ் என்னிடம் விட்டான். வண்டிக்கு அடியில் என்னைப்போல் படுத்தவன் வேறு யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

பின்சக்கரத்துக்குப் போகும் அந்தப் பிரேக் குழாய், பலகையில் ஊறிய உப்பு வடிந்து, கிளிப்புக்குப் பக்கத்தில் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். முறுக்கு உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. ஓட்டை விழவில்லை. இப்போதைக்குப் பிடிக்கும். பாரம் ஏற்றி, இறக்கத்தில், அழுத்தி மிதிக்கும் ஒரு நாள் பிடிக்காது. குழாயை மாற்றுவது அரை நாள் வேலை.

நான் பிரஷ்ஷை முக்கி அதன்மேல் பெயிண்ட் அடித்தேன். மற்ற இடங்களில் ஒரு கை அடித்தேன், அங்கே இரண்டு கை.

"எல்லாம் பாத்தாச்சா அண்ணே?" என்று அனூஜ் குனிந்து கேட்டான்.

"பாத்தாச்சு. ஒரு குற்றமும் இல்ல" என்றேன்.

பார்த்தது உண்மைதான். வண்டி டெஸ்ட்டில் பாஸானது. அன்று பிரேக் நன்றாகவே பிடித்தது.

ஷீனா குடும்பஸ்ரீ பெண்கள் குழுவில் சமையல் யூனிட்டில் இருக்கிறாள். பெருங்கடவிளையில் ஒரு கல்யாணத்துக்குச் சத்யை விருந்து சமைக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. பாத்திரம், அடுப்பு, சிலிண்டர், அரிசி, காய்கறி எல்லாம் அனூஜ் வண்டியில்தான். நானே ஏற்றிக் கயிறு கட்டினேன். பட்டை நன்றாகத் தாழ்ந்தது. மற்றப் பெண்கள் ஆட்டோவில் கிளம்பிவிட்டார்கள். ஷீனா மட்டும் புதுச் சேலையோடு வந்து வண்டிக் கதவருகில் நின்றாள்.

சார், அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். ஆட்டோவில் போ என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். அவள் கையை நீட்டினாள். பிடித்து ஏற்றிவிட்டேன். சேலை முந்தானை கதவில் சிக்காமல் உள்ளே எடுத்து வைத்தேன். பெல்ட்டையும் நானே மாட்டிவிட்டேன்.

"நீங்களும் வாருங்களேன், மூணு பேருக்கு எடம் உண்டு" என்றாள். எத்தனையோ நாள் நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது.

"எனக்கு வேலை உண்டு. பைய போ மக்கா" என்று அனூஜிடம் சொன்னேன்.

பெருங்கடவிளைக்கு முன்னால் ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் பிரேக் போயிற்று. இடது பக்கம் ஆழமான சரிவு. வலது பக்கம் கருங்கல் மதில். அனூஜ் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான். அவன் இருந்த பக்கம் மதிலில் நசுங்கியது. அவன் அங்கேயே போய்விட்டான். ஷீனாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டாள்.

வண்டியைச் சோதித்துப் பார்த்த அதிகாரிகள் பழைய வண்டி, குழாய் துருப்பிடித்து உடைந்தது என்று எழுதிவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறான் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் ஸ்டேஷன் ரைட்டர் நினைக்கிறார் போலிருக்கிறது. அப்படி இல்லை. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் யார் பார்க்க வந்தாலும் ஷீனா ஒரே கதையைத்தான் சொல்கிறாள். "இடது பக்கம் திரிச்சுட்டு வெளிய குதிச்சிருந்தா அவன் ரெட்சப்பட்டிருப்பான். எனக்கு வேண்டியாக்கும் அந்தப் பிள்ள செத்தது" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஊரும் அப்படியே பேசுகிறது. அவன் படத்தை எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். நேற்று நான் கஞ்சி ஊட்டும்போது கேட்டாள். அவளுக்குக் கஞ்சி ஊட்டுவதும் துடைத்துவிடுவதும் நான்தான் சார். என்னை நினைத்து அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை.

அதனால் இதை நீங்கள் ஒன்றுவிடாமல் எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அனூஜ் செத்தது அவளுக்காக அல்ல. அவனைக் கொன்றது நான். அவள் அதற்காகவாவது என்னை நினைத்து ஒரு தடவை அழட்டும்.