கேரியரில் உட்கார்ந்து பார்த்தவர்

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்துப் பெஞ்சில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"குளுவாங் டவுன் கடையில ஜப்பான் சைக்கிள் ஒன்னு பாத்தேன். கேரியர்ல உக்காந்தும் பாத்துட்டேன்."

"அலமாக்! சீட்டுலதானே உக்காந்து பாக்கணும், அண்ணே?"

"எனக்கு ஓட்டவே தெரியாது. இனிமேதான் கத்துக்கணும். உங்க அண்ணிக்கு உக்கார வசதியா இருக்கணும்ல."

"அண்ணி ஊருலேர்ந்து இன்னும் கப்பலே ஏறலியே!"

"மூனு தீபாவளியா வர்றேன்னுதான் எழுதுறா."

விளக்கு, மணி, பிரேக் இருந்தால் சைக்கிளுக்கு லைசென்ஸ் உண்டு. கேரியரில் உட்காரப்போவது யார் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

இளையவர் விடவில்லை. "சீமை சைக்கிளா வாங்கினா நல்லா உழைக்குமே?"

"அதுக்குக் காசு பத்தாது லா. இதுல ஸ்டாண்டு நல்லா கெட்டி. அவ வர்ற வரைக்கும் சாயாம நிக்கும்."