கீபோர்டு இல்லை, ஒரு கீயை அமுக்கவும்

— திரையில என்ன போட்டிருக்குன்னு நீயே வாய்விட்டுப் படிடா.

— "கீபோர்டு இல்லை. தொடர ஒரு கீயை அமுக்கவும்."

— இதுக்குத்தான் லீவு போட்டுட்டு, பஸ்ல இடுப்பொடிய வந்திருக்கேன். கீபோர்டே இல்லையாம், ஆனா கீயை அமுக்கணுமாம். எதை அமுக்கறது, என் தலையையா?

— கோபப்படாதேக்கா. முதல்ல ஒரு வாய் டீ குடி.

— டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். கீபோர்டு ஒயரை யார் பிடுங்கினது?

— பெருக்கும்போது கழண்டிருக்கும்.

— யார் பெருக்கினது?

— அப்பா.

— சரி, கழண்டா மாட்ட வேண்டியதுதானே? மாட்டி ஒரு தட்டு தட்டியிருந்தா வேலை முடிஞ்சுது. இத்தனை வருஷமா வீட்டுலயே இந்த ஆபீஸை நடத்தறே, இதுகூடவா தெரியாது?

— நான் கை வெச்சு ஏதாவது ஆயிட்டா? உள்ள ஆஸ்பத்திரிக் கட்டடத்தோட பிளான் மொத்தமும் கிடக்கு. காலையில கான்ட்ராக்டர் வாசல்ல வந்து நிப்பார்.

— அதைத்தாண்டா நானும் கத்தறேன்! இங்க ஓடின அந்தப் பழைய ஒர்க்ஸ்டேஷன் மெஷினா இருந்தா இந்த வம்பு வந்திருக்குமா? கரண்ட் போய் வந்தா தானா எழுந்துக்கும். எழுந்துக்கலைன்னாலும் அதுக்கு கீபோர்டும் வேணாம், திரையும் வேணாம். என் வீட்டுல இருந்து டெலிபோன் லைன்ல நுழைஞ்சு, மெஷினை ஓட்டற யூனிக்ஸ் ஏறறதுக்கு முன்னாடியே அதை வழிக்குக் கொண்டு வந்துடுவேன். நீ வாங்கின இந்தப் புது பிசியில அது நடக்குமா? இதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் காவல் நிக்கணும்.

— அந்த யூனிக்ஸ்தானேக்கா இதுலயும் ஓடுது?

— டிரைவர் ஒருத்தர்தான். வண்டி வேறடா!

— வேகத்தைப் பாரேன். ஒரு மாடிக்குப் பிளான் வரையறதுக்குள்ள பழசுக்கு மூச்சு வாங்கும். இது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுடுது.

— வேகமா முடிச்சு? கையைக் கட்டிட்டு இப்படி உட்கார்ந்திருக்கவா? பழசுல மெமரியில ஒண்ணு பிசகினா அதுவே கண்டுபிடிச்சு அதுவே திருத்திக்கும். இது பிசகினதே தெரியாம பிரிண்ட் பண்ணித் தள்ளும். ஆபரேஷன் தியேட்டர் சுவர் ஒரு அடி தள்ளி நின்னா யார் பதில் சொல்றது, உன் வேகமா?

— சரி, பார்ட்ஸுக்கு என்ன சொல்றே? பழசுக்கு ஒரு டிஸ்க் வேணும்னா எங்கேயோ எழுதிப் போட்டுட்டு வழியைப் பார்த்துட்டு உட்காரணும். இதுக்கு எதிர்க்கடையில கிடைக்குது.

— கிடைக்காம? அடிக்கடி கெட்டுப் போனா கடைக்காரன் வாங்கி அடுக்கத்தானே செய்வான்! இந்த ஃபேன் சத்தத்தைக் கேளு, மாவு மில்லு மாதிரி. நகரு, ஒயரைக் குடு. … இந்தா, மாட்டியாச்சு. அமுக்கியாச்சு. யூனிக்ஸ் வருது. இவ்வளவுதான்!

— ஏம்மா, மெஷின் சரியாயிடுச்சா?

— ஆயிடுச்சுப்பா! ஒயர்தான் கழண்டிருந்துச்சு!

— என்னம்மா?

— ஒயர்ப்பா, ஒயர்! இதோ, இது!

— ஓ, அதுவா. அவ்வளவுதானா? பெரிய ரிப்பேரா இருக்கும்னு நெனைச்சு மாடி ரூமைக் கூட்டி வெச்சேன்.

— சாயங்கால பஸ்ஸுக்கே போறேம்பா! நாளைக்கு வேலைக்குப் போகணும்!

— சரி சரி. இன்னும் நல்லா செக் பண்ணும்மா, அவசரப்படாதே. நான் இப்படி ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கேன். நீ ஒண்ணும் பேச வேணாம், வேலையைப் பாரு.

— டேய்… அப்பாவுக்கு எப்படா காது இவ்வளவு மோசமாச்சு?

— ஒரு வருஷமாச்சு.

— போன்ல நல்லாத்தானே பேசறார்?

— போன்ல அவர் என்ன பேசறார்? "ம்", "சரிம்மா", "உடம்பைப் பார்த்துக்கோ". நீ என்ன சொன்னாலும் இந்த மூணுதான். ரிசீவரை வெச்சுட்டு நேரா எங்கிட்ட வந்து, "என்ன சொன்னா?"ம்பார். பக்கத்துல இருந்தாத்தான், உதட்டைப் பார்த்துப் பாதி புரிஞ்சுக்கறார்.

— எங்கிட்ட ஏண்டா சொல்லலை?

— சொல்லக் கூடாதுன்னுட்டார். நீயும்தான் எப்பக்கா கேட்டே? மெஷினுக்கு தெனமும் லைன் போட்டு நல்லாருக்கான்னு பார்த்தே.

— பேச்சை மாத்தாதே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. பழசு எரிஞ்சு போச்சுன்னு சொன்னியே, அதை எங்க போட்டு வெச்சிருக்கே? டிஸ்கையாவது கழட்டி எடுத்துக்கறேன்.

— அது வேணாமேக்கா. கை அழுக்காயிடும்.

— மேஜைக்கு அடியில திரையோட சேர்த்துத் துணி போட்டு மூடி வெச்சிருக்கே. எரிஞ்சு போனதுக்கு யாருடா துணி போட்டு மூடுவாங்க?

— அக்கா, விடு. பிளக்கைப் போடாதே.

— ஏன்? … டேய், விளக்கு எரியுது.

— சொன்னாக் கேளேன்.

— டிஸ்க் சுத்துது. யூனிக்ஸ் வருது. பாரு, யாரு என்னன்னு பேரைக் கேட்டுட்டு நிக்குது! இதுல என்னடா கோளாறு?

— ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லையா? வாங்கினதுல இருந்து ஒரு நாள்கூடப் படுக்காத மெஷினை மூலையில போட்டுட்டு, ஒயர் கழண்டாப் படுத்துக்கற டப்பாவை வாங்கி வெச்சிருக்கே! எந்தப் புத்திசாலி உனக்கு இந்த யோசனை சொன்னது?

— மெதுவாப் பேசு, அப்பா இந்தப் பக்கமே பார்த்துட்டிருக்கார். அவர்தான்க்கா சொன்னார். "இது படுக்கவும் படுக்காது, அவ வரவும் மாட்டா. அடிக்கடி படுக்கற மாதிரி ஒண்ணு பார்த்து வாங்குடா"ன்னார்.