எல்லோரும் சரி சொல்லும்வரை

எனக்குத் தனியாக முடிவெடுக்கும் பழக்கம் கிடையாது. ஒரு சட்டை எடுக்கப் போனாலும் கூட இரண்டு பேர் வேண்டும். ஆலைக்கு மேலாளர் ஆன பிறகும் அப்படித்தான். எந்த முடிவானாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் வாயால் "சரி" சொல்ல வேண்டும். ஒருவர் பாக்கி என்றாலும் காரியம் நகராது. பிறகு யாரும் நழுவ முடியாது பாருங்கள். இதைவிட நியாயமான முறை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

விசாரணை அதிகாரியான உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. கூடப் பிறந்த தங்கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவன் நான். அவள் கணவரைப் பராமரிப்பு இன்ஜினியராக ஆலையில் சேர்த்துக்கொண்டு, மதிலுக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்பில் வீடும் கொடுத்தவன் நான். இரண்டு பேருமாகச் சேர்ந்து முதுகில் குத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு ஆலையில் "சங்கு" என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் ஆபத்து, ஆபத்து என்று ஊதுவார். அம்மோனியா தொட்டியின் சுவர் அரித்துவிட்டது, ஆலையை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார். நான் கோபப்படவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா என்று சுற்றிவரக் கேட்டேன். மற்றவர்கள் சரி என்றார்கள். மறுபடி அவரிடம் வந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, உங்களுக்காக எல்லாரும் சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க."

"நீங்களே இப்படிச் சொன்னா நான் என்ன பண்றது மச்சான்... சரி."

அவர் வாயால்தான் சொன்னார். நான் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

தொட்டி விரிசல் விட்டது ஒரு மத்தியான வேளையில். முதலில் பார்த்ததும் அவர்தான்.

"மச்சான், வாயு கசியுது. சைரன் அடிக்கட்டுமா?"

"பொறுங்க, கேட்டுச் சொல்றேன்."

சைரன் அடித்தால் குடியிருப்பே தெருவுக்கு வந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், ஆலையை இழுத்து மூடுவார்கள். இத்தனை பெரிய விஷயத்தை ஒருவன் முடிவு செய்யலாமா? வரிசையாகப் போன் செய்தேன். உற்பத்தித் தலைவர் சரி என்றார். சட்ட ஆலோசகர் இழுத்து இழுத்துச் சரி என்றார். கணக்குப் பிரிவுத் தலைவர் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். போனை எடுத்தது நர்ஸ். அவர் வாயில் வைத்த பஞ்சை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை பொறுமை இல்லாமல் தானே சைரனை அழுத்திவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுத்தி என்ன பயன்? மதிலை ஒட்டிய வீடுகளில் அதைக் கேட்க யாரும் மிச்சமில்லை.

மாப்பிள்ளையைக்கூட மன்னித்துவிடுவேன், அவர் அந்நியர். தங்கையை எப்படி மன்னிப்பது? அவள் இன்று உயிரோடு நின்று சாட்சி சொல்வதே என்னால்தான். உற்பத்தித் தலைவருக்கும் முன்னால் நான் கூப்பிட்டது அவளைத்தான்.

"கதவைப் பூட்டிட்டு மெயின் ரோட்டுக்கு வந்துடு. எதுவும் கேக்காதே."

"பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்குண்ணே. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

அந்த வீட்டுப் பெண் அப்போது கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். இவளைப் பார்த்துச் சிரித்தாளாம். அதைச் சொல்லித்தான் உங்கள் முன்னால் அழுதிருக்கிறாள். நான் வேண்டாம் என்றது உண்மை. ஒரு வீட்டுக்குச் சொன்னால் எல்லா வீட்டுக்கும் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கு இன்னும் எல்லோரும் சரி சொல்லியிருக்கவில்லை.